கயிறு திரித்த கதை: எழும்பூர் கண் டாக்டரும் இந்தியக் கயிற்று வித்தையும்

ஒரு நூலை எல்லோர் கண் முன்னாலும் இரண்டாகக் கத்தரித்து, கைக்குள் வைத்துக் கசக்கி, ஒரு ஊது ஊதி மறுபடியும் முழு நூலாக நீட்டிக் காட்டுவது... மேஜிக் உலகில் இதைவிடப் பழைய ஐட்டங்கள் குறைவு. இங்கிலாந்தில் ரெஜினால்ட் ஸ்காட் என்பவர் 1584-இல் சூனியம், மந்திரம் பற்றி எழுதிய புத்தகத்திலேயே இதன் செய்முறை அச்சாகிவிட்டது. வெட்டுப்படுவது நாம் நினைக்கிற இடம் அல்ல, கைக்குள் ஒளிந்திருக்கும் வேறொரு துண்டு. ரகசியம் அவ்வளவுதான்.

நூலில் ஆரம்பித்தது கயிறு, தலைப்பாகைத் துணி என்று வளர்ந்து, 1921 ஜனவரியில் லண்டன் மேடையில் பி.டி. செல்பிட் ஒரு பெண்ணையே பெட்டியில் படுக்க வைத்து ரம்பத்தால் அறுக்கும் வரை வந்தது. வெட்டப்படுவது பெரிதாகப் பெரிதாக, அதை ஒட்ட வைப்பது பெரிய அதிசயமாகத் தெரிகிறது.

இந்த வரிசையில் எல்லாவற்றுக்கும் மேலே உட்கார்ந்திருப்பது நம் நாட்டின் பெயரைத் தாங்கிய ஒன்று: இந்தியக் கயிற்று வித்தை!

வித்தை என்ன?

வெட்டவெளி. சுற்றிலும் கூட்டம். வித்தைக்காரர் ஒரு கயிற்றை மேலே எறிகிறார். கயிறு கீழே விழாமல் கம்பம் போல நிற்கிறது. ஒரு சின்னப் பையன் அதில் ஏறி, உச்சியில் மறைந்து போகிறான். வித்தைக்காரர் கூப்பிடுகிறார், பதில் இல்லை. கோபத்தோடு கத்தியைப் பல்லில் கடித்துக்கொண்டு அவரும் ஏறி மறைகிறார். மேலே அலறல். பிறகு பையனின் கை, கால், உடல், தலை ஒவ்வொன்றாகத் தரையில் விழுகின்றன. ரத்தக் கறையோடு இறங்கி வரும் வித்தைக்காரர் துண்டுகளைக் கூடையில் போட்டு மூடி, மந்திரம் சொல்லித் திறந்தால்... பையன் சிரித்துக்கொண்டே எழுந்து வருகிறான்.

இதை எப்படிச் செய்தார்கள்? கிட்டத்தட்ட நூறு வருடங்கள் ஐரோப்பாவும் அமெரிக்காவும் இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டின. துப்பறியக் கிளம்பியவர்களில் முக்கியமான ஒருவர் நம்ம சென்னைக்காரர் என்றே சொல்லலாம். எழும்பூர் கண்ணாஸ்பத்திரியின் தலைமை டாக்டராக இருந்தவர் அவர்.

பழைய சாட்சிகள்

டாக்டரிடம் போவதற்கு முன் பழைய சாட்சிகளைப் பார்த்துவிடுவோம்.

ஆதிசங்கரர், மாண்டூக்ய காரிகைக்கு எழுதிய உரையில் ஒரு மாயாவியை உதாரணம் காட்டுகிறார். அவன் வானத்தில் நூலை எறிந்து, ஆயுதங்களோடு அதில் ஏறி மறைந்து, சண்டையிட்டு, துண்டு துண்டாகி விழுந்து, மறுபடி எழுகிறான். ஆனால் உண்மையான மாயாவி ஏறவே இல்லை. அவன் தரையிலேயே யார் கண்ணிலும் படாமல் நிற்கிறான் என்பது உரை சொல்லும் செய்தி. இது தத்துவத்தை விளக்கச் சொன்ன உவமை. "நான் இன்ன ஊரில் பார்த்தேன்" என்ற சாட்சியம் அல்ல.

கண்ணால் பார்த்ததாகச் சொன்னவர்களில் மிகவும் பிரபலமானவர் இபின் பதூதா. 14-ஆம் நூற்றாண்டின் நடுவில் அவர் பார்த்ததாக எழுதிய காட்சியில் ஏறக்குறைய எல்லாமே இருக்கிறது. துளையிட்ட மரப்பந்தில் கட்டிய நீண்ட தோல்வார் வானத்தில் போய் மறைகிறது. சீடன் ஏறுகிறான், குரு கத்தியோடு பின்னால் போகிறார், கை கால்கள் விழுகின்றன. குரு துண்டுகளை அடுக்கி ஒரு உதை விட்டதும் சீடன் எழுந்து நிற்கிறான். இபின் பதூதாவுக்கு நெஞ்சு படபடத்து மருந்து கொடுக்க வேண்டியதாயிற்று. பக்கத்தில் இருந்த காஜி மட்டும் அசரவில்லை. யாரும் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை, எதையும் வெட்டவும் இல்லை, எல்லாம் கண்கட்டு என்று சொல்லிவிட்டார்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. இது நடந்த ஊர் டெல்லியோ மதுரையோ அல்ல. சீனாவின் ஹாங்சௌ! இபின் பதூதா இந்தியாவில் பல வருடங்கள் இருந்தவர், தமிழகக் கரையிலும் இறங்கியவர். ஆனாலும் இந்தக் கயிற்றைக் கட்டியது சீனாவில்தான். 17-ஆம் நூற்றாண்டில் எட்வர்ட் மெல்டன் பெயரில் வந்த டச்சுப் பயண நூலிலும் இதைச் செய்பவர்கள் பத்தாவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், இருந்த சீன வித்தைக்காரர்கள். சீன எழுத்தாளர் பூ சொங்லிங்கின் கதைகளிலும் கயிறேறி வானுலகப் பீச் பழம் திருடப் போய்த் துண்டாகும் பையன் வருகிறான்.

அப்படியென்றால் இது எப்படி "இந்திய" வித்தை ஆனது? இந்தக் கேள்வியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

செய்முறை யூகங்கள்

வித்தை நிஜமாக நடக்கிறது என்று நம்பியவர்கள் ஆளுக்கொரு விளக்கம் சொன்னார்கள். மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

முதலாவது, மொத்தக் கூட்டத்தையும் மனோவசியம் செய்துவிடுகிறார்கள் என்பது. படிக்கச் சுவாரஸ்யம். ஆனால் வந்தவன் போனவன் எல்லோரையும் ஒரே நேரத்தில் ஒரே காட்சியைக் காண வைக்கிற மனோவசியத்தை யாரும் செய்து காட்டியதில்லை.

இரண்டாவது, அது கயிறே அல்ல, கயிறு போலத் தெரியும் மூட்டு போட்ட மூங்கில் கம்பம் என்பது. இது நடக்கக்கூடியது. கம்பு நிற்கும், பையன் ஏறுவான். ஆனால் மறைய மாட்டான்.

மூன்றாவது, 1957-இல் ஜான் கீல் என்ற அமெரிக்கர் "ஜாதூ" என்ற புத்தகத்தில் எழுதியது. அந்தி நேரம். உயரத்தில் இரண்டு பக்கமும் கட்டிய மெல்லிய கம்பி. கயிற்றின் நுனி அதில் மாட்டிக்கொள்ளும். கீழே பளிச்சென்று தீவெளிச்சம். வெளிச்சத்தைப் பார்த்த கண் இருட்டுக்குப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும் என்பதால் மேலே நடப்பது தெரியாது. விழுகிற கை கால்கள் குரங்கினுடையவை. பையன், வித்தைக்காரரின் தொளதொள அங்கிக்குள் தொற்றிக்கொண்டு இறங்கிவிடுவான்.

கேட்க அருமையாக இருக்கிறது, இல்லையா? ஆனால் சாட்சிகள் பலரும் சொன்னது பட்டப்பகல், வெட்டவெளி. அங்கே கம்பி எங்கே, இருட்டு எங்கே? பூட்டு எது என்று தெரியாமலே சாவி செய்துகொண்டிருந்தார்கள்.

எழும்பூர் டாக்டர்

இங்கேதான் ராபர்ட் ஹென்றி எலியட் வருகிறார். பிரிட்டிஷ் இந்திய மருத்துவப் பணியில் இருந்த ராணுவ டாக்டர். 1904 முதல் சுமார் பத்து வருடம் மெட்ராஸ் அரசு கண் மருத்துவமனையின் கண்காணிப்பாளர். 1819-இல் தொடங்கிய அந்த மருத்துவமனை ஆசியாவிலேயே பழைய கண் மருத்துவமனை என்று சொல்லப்படுவது. குளுக்கோமாவுக்காக அவர் 1909-இல் மெட்ராஸில் உருவாக்கிய அறுவைச் சிகிச்சை "எலியட் ஆபரேஷன்" என்றே உலகம் முழுக்கப் பெயர் பெற்றது. நல்ல பாம்பு விஷம் பற்றியும் ஆராய்ச்சி செய்து 1905-இல் கட்டுரை வெளியிட்டவர்.

அவர் மெட்ராஸில் அலசிய இன்னொரு விஷயம் உண்டு. அன்று ஊர் ஊராகப் போய்க் கண்புரைக்கு வைத்தியம் செய்த நாடோடி வைத்தியர்கள் இருந்தார்கள். அவர்கள் புரையை வெளியே எடுப்பதில்லை. ஊசி போன்ற கருவியால் குத்தி, புரை விழுந்த லென்ஸைக் கண்ணுக்குள்ளேயே கீழே தள்ளிவிடுவார்கள். சுஸ்ருதர் காலத்திலிருந்து வரும் முறை. தள்ளியதும் வெளிச்சம் உள்ளே போகும். பல வருடமாகப் பார்வையில்லாத கிழவர், எதிரே நீட்டிய விரல்களை எண்ணிச் சொல்வார். சுற்றி நிற்கும் ஊரே வாய் பிளக்கும். காசு கைமாறும். வைத்தியர் அடுத்த ஊருக்குப் போய்விடுவார். சில நாளோ சில மாதமோ கழித்துக் கண்ணில் சீழ் பிடிக்கும், அல்லது அழுத்தம் ஏறும். அப்படிப்பட்டவர்களில் பலர் கடைசியில் வந்து சேர்ந்த இடம் எழும்பூர்.

எலியட் அந்தக் கண்களை ஒன்று ஒன்றாகப் பரிசோதித்துக் குறித்து வைத்தார். 1917 பிப்ரவரியில் லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் சர்ஜன்ஸில் இதைப் பற்றிச் சொற்பொழிவு ஆற்றி, பிறகு தனிப் புத்தகமாகவும் போட்டார்.

இந்த அனுபவத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். "என் கண்ணால் பார்த்தேன், குருடனுக்குப் பார்வை வந்தது" என்று சத்தியம் செய்ய ஒரு கிராமமே தயாராக இருக்கும். அவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. ஆனால் காட்சி அந்த இடத்தோடு முடிந்துவிடவில்லை. என்ன நடந்தது என்று அறிய ஆறு மாதம் கழித்து அதே கண்ணைத் திறந்து பார்க்க வேண்டும். இப்படி ஒரு பாடம் படித்தவரை வெறும் சாட்சிக் கடிதத்தால் அசைப்பது கஷ்டம்.

1934: ஐந்நூறு கினி

ஓய்வு பெற்று லண்டன் போன எலியட்டுக்கு மேஜிக் பழக்கம் உண்டு. லண்டன் மேஜிக் கலைஞர்களின் சங்கமான மேஜிக் சர்க்கிளில், அமானுஷ்யம் என்று சொல்லப்படுவதை விசாரிக்க ஒரு குழு இருந்தது. அதன் தலைவர் எலியட்.

கயிற்று வித்தைக்கு அப்போது ஒரு போட்டோ ஆதாரமும் இருந்தது. ஹோம்ஸ் என்ற ராணுவ அதிகாரி 1917-இல் புனே அருகே கிர்கியில் தன் பங்களா வராந்தாவிலிருந்து பார்த்ததாகச் சொல்லி, 1919-இல் அந்தப் படத்தை மேஜிக் சர்க்கிளில் காட்டினார். படத்தில் செங்குத்தாக ஒரு கோடு, உச்சியில் ஒரு பையன். உற்றுப் பார்த்தால் அது கயிறு அல்ல, கம்பம்! நம் தெருக்களில் கழைக்கூத்தாடிகள் செய்கிற வேலைதான். பையன் மறையவும் இல்லை.

1934 ஏப்ரல் 30 அன்று லண்டனில் ஒரு கூட்டம் போடப்பட்டது. தலைமை ஆம்ப்தில் பிரபு. 1900 முதல் 1906 வரை மெட்ராஸ் கவர்னராக இருந்தவர், நடுவில் சில மாதம் தற்காலிக வைஸ்ராயாகவும் இருந்தவர். ஆக, வித்தையை விசாரித்தவர், கூட்டத்துக்குத் தலைமை வகித்தவர் இரண்டு பேருமே மெட்ராஸ் வெயிலில் காய்ந்தவர்கள். வந்த சாட்சியங்களை எல்லாம் பார்த்துக் குழு சொன்ன முடிவு: இப்படி ஒரு வித்தை நடந்ததற்கு ஆதாரம் இல்லை. யாராவது செய்து காட்டினால் 500 கினி, அதாவது 525 பவுன், பரிசு என்று அறிவித்தார்கள்.

எலியட் செய்த உருப்படியான வேலை, வித்தை எது என்று வரையறுத்ததுதான். கயிறு வானத்தில் எறியப்பட வேண்டும், புவியீர்ப்பை மீறி நிற்க வேண்டும், ஒருவர் அதில் ஏறி மறைய வேண்டும். இந்த வரையறை வந்த உடனே பாதிச் சாட்சிகள் கழன்றுவிட்டார்கள். அவர்கள் பார்த்தது கம்பம், அல்லது பையன் ஏறி இறங்கியது, அல்லது அவர்கள் நண்பரின் நண்பர் பார்த்தது.

1935 ஜனவரியில் கராச்சி என்ற மேடைப் பெயர் கொண்ட ஆங்கிலேய மேஜிக்காரர், லண்டனுக்கு வடக்கே ஒரு வயலில் தன் மகனை வைத்துச் செய்து பார்த்தார். இடத்தைத் தயார் செய்ய நான்கு நாள் அவகாசம். சினிமா கேமராவும் வந்தது. கயிறு எழுந்தது, பையன் ஏறினான். மறையவில்லை. பரிசும் கிடைக்கவில்லை. எலியட் 1936-இல் இறந்தார். யாரும் அந்தப் பணத்தை வாங்கவே இல்லை.

சிகாகோவில் திரித்த கயிறு

வித்தை நடக்கவில்லை, சரி. ஆனால் நடந்ததாக இத்தனை பேர் எப்படிச் சொன்னார்கள்? இதற்கு விடை தேடியவர் எடின்பரோ பல்கலைக்கழக ஆய்வாளர் பீட்டர் லாமான்ட். 2004-இல் இதற்காகவே ஒரு புத்தகம் எழுதினார்.

லாமான்ட் காட்டிய தேதி 1890 ஆகஸ்ட் 8. அன்று சிகாகோ டிரிப்யூன் பத்திரிகையில் ஒரு கட்டுரை. இரண்டு அமெரிக்க நண்பர்கள் இந்தியா போனார்களாம். ஒரு பக்கிரி நூலுருண்டையை வானில் எறிய, பையன் ஏறி மறைந்தானாம். ஒருவர் படம் வரைந்தார், இன்னொருவர் போட்டோ எடுத்தார். ஓவியத்தில் பையன் நூலில் ஏறுகிறான். போட்டோவில் பையனும் இல்லை, நூலும் இல்லை. ஆகவே எல்லாம் மனோவசியம் என்று கட்டுரை முடிந்தது.

போட்டோ எடுத்தவரின் பெயர் ஃப்ரெட் எஸ். எல்மோர். கடைசி இரண்டையும் சேர்த்து வேகமாகச் சொல்லிப் பாருங்கள், "செல் மோர்". இன்னும் அதிகமாக விற்றுத் தள்ளு! அப்படி ஒரு ஆளே கிடையாது. எழுதியவர் ஜான் வில்கி என்ற பத்திரிகைக்காரர். நான்கு மாதம் கழித்து, அது சுவையாகச் சொல்வதற்காகக் கற்பனையாக எழுதப்பட்டது என்று பத்திரிகையே ஒப்புக்கொண்டது. அதற்குள் கட்டுரை ஐரோப்பிய மொழிகளுக்கெல்லாம் போய்விட்டது. மறுப்பு எந்தக் காலத்தில் செய்தியை முந்தியிருக்கிறது? வில்கி பின்னாளில், 1898-இல், அமெரிக்க அரசின் சீக்ரெட் சர்வீஸுக்கே தலைவரானார்!

அதுவரை ஆங்கிலேயர்கள் இந்திய வித்தை என்று வியந்து எழுதியவை வேறு. மாங்கொட்டையை நட்டுச் சில நிமிடத்தில் செடியாக்குவது, பையனைக் கூடைக்குள் வைத்து வாளால் குத்துவது போன்றவை. கூடை வித்தையை 1865-இல் ஸ்டோடேர் என்பவர் லண்டன் மேடையிலேயே செய்தார். கயிற்று வித்தை இந்தியாவின் அடையாளமாக ஆனது சிகாகோ கட்டுரைக்குப் பிறகுதான் என்பது லாமான்ட்டின் முடிவு. பிறகு இபின் பதூதாவையும் மற்றவர்களையும் தேடி எடுத்து, சீனக் கதையை இந்தியப் பெயரோடு முடிச்சுப் போட்டார்கள்.

துண்டுகளை ஒட்டியது யார்?

பார்த்ததாகச் சத்தியம் செய்தவர்கள்? எல்லோரும் புளுகர்களா? லாமான்ட்டும் உளவியலாளர் ரிச்சர்ட் வைஸ்மேனும் இதைச் சோதித்து 1996-இல் நேச்சர் இதழில் எழுதினார்கள். நேரில் பார்த்ததாகச் சொன்ன வாக்குமூலங்களைத் திரட்டி, பார்த்த வருடத்துக்கும் சொன்ன வருடத்துக்கும் இடைவெளி எவ்வளவு என்று கணக்கிட்டார்கள். இடைவெளி குறைவாக இருந்தால் பையன் ஏறி இறங்கினான், அவ்வளவுதான். இடைவெளி கூடக் கூடப் பையன் மறைய ஆரம்பிக்கிறான். வெட்டுப்பட்டு உயிர்த்தெழுவது போன்ற பிரமாதமான காட்சிகள் எல்லாம், பார்த்துப் பல வருடம் கழித்துச் சொன்னவர்களிடமிருந்து வந்தவை.

செய்முறை இதுதான்! இளம் வயதில் இந்தியாவில் பார்த்த கம்ப வித்தை ஒரு துண்டு. வேறொரு நாள் பார்த்த கூடை வித்தை இன்னொரு துண்டு, பையன் கூடைக்குள் குத்துப்பட்டு முழுசாக வெளியே வருவது அதில்தான். பத்திரிகையில் படித்தது மூன்றாவது துண்டு. ஓய்வு பெற்று ஊர் போய், பேரப்பிள்ளைகளிடம் சொல்லும்போது மூன்றும் ஒட்டிக்கொள்கின்றன. தையல் போட்ட இடம் சொல்கிறவருக்கே தெரியாது. வெட்டி ஒட்டப்பட்டது பையன் அல்ல, ஞாபகம்.

தமிழில் இல்லாததைச் சொல்வதற்குக் "கயிறு திரிக்கிறான்" என்போம். இந்த வித்தைக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கத்தை எந்த மொழியும் தர முடியாது.

நஷ்டம் யாருக்கு?

மோடி மஸ்தானை ஞாபகம் இருக்கிறதா? ஐயப்பன்தாங்கல் ஆகட்டும், அம்பாசமுத்திரம் ஆகட்டும், எந்த ஊர்ப் பெரியவரைக் கேட்டாலும் சொல்வார். "இதோ கீரிக்கும் பாம்புக்கும் சண்டை விடப் போகிறேன்" என்று சொல்லிச் சொல்லியே தாயத்து விற்பார்கள். சண்டை கடைசி வரை நடக்காது. கயிற்று வித்தையும் உலக அளவில் நடந்த ஒரு கீரி-பாம்புச் சண்டைதான். ஒரு வித்தியாசம், தாயத்து விற்றது இந்தியத் தெருவில் அல்ல, சிகாகோ பத்திரிகை ஆபீஸில்.

ஆனால் பழி யார் மேல் விழுந்தது? எலியட் 1934-இல் எழுதிய புத்தகத்தின் தலைப்பே கீழை நாட்டு மர்மம் என்பது கட்டுக்கதை என்ற பொருளில்தான். வித்தை நடக்கவில்லை என்றது சரி. ஆனால் இந்திய வித்தைக்காரர்கள் இப்படி ஒன்றைச் செய்வதாகக் கடை விரித்து ஏமாற்றிய மாதிரி ஒரு எண்ணம் ஒட்டிக்கொண்டது. யாரோ எழுதிய பொய்யை நிரூபிக்கும் பொறுப்பு இந்தியத் தெருவில் கூடை சுமந்தவன் தலையில் வந்தது. மேடை இல்லாமல், திரை இல்லாமல், நாலு பக்கமும் கூட்டம் நிற்க, வெறும் தரையில் உட்கார்ந்து அவன் நிஜமாகவே செய்த மாங்காய் வித்தைக்கும் கூடை வித்தைக்கும் 500 கினி தர யாரும் முன்வரவில்லை.

1995-இல் டெல்லியைச் சேர்ந்த தெரு வித்தைக்காரர் இஷாமுத்தீன் கான், குதுப்மினார் அருகே வெட்டவெளியில், கூட்டத்துக்கு நடுவில், கூடையிலிருந்து கயிற்றை எழுப்பி அதில் ஒரு பையனை ஏற வைத்தார். பையன் மறையவில்லை, வெட்டுப்படவும் இல்லை. ஆனால் நூறு வருடப் புரளிக்கு மிக அருகில், மேடை உதவி இல்லாமல் போனவர் அவர். அதே டெல்லியில் அமலில் இருந்த 1959-ஆம் வருட பம்பாய் பிச்சை ஒழிப்புச் சட்டம், பொது இடத்தில் பாட்டு, நடனம், ஜோசியம், வித்தை என்று காட்டிக் காசு வாங்குவதையும் பிச்சைக் கணக்கில்தான் வைத்திருந்தது. அதன் தண்டனைப் பிரிவுகளை டெல்லி உயர்நீதிமன்றம் 2018-இல்தான் ரத்து செய்தது. நடக்காத வித்தைக்கு உலகப் புகழ், நடக்கிற வித்தைக்குப் போலீஸ் லத்தி!

சங்கரர் சொன்ன உவமையில், நூலில் ஏறுகிறவன் பொய், நிஜ மாயாவி தரையில் யார் கண்ணிலும் படாமல் நிற்கிறான். எல்லோரும் அண்ணாந்து வானத்தையே பார்த்துக்கொண்டிருந்த நூறு வருடமும் அவன் சிகாகோவில் ஒரு மேஜைக்குப் பின்னால் பேனாவோடு உட்கார்ந்திருந்தான்.

அடுத்த முறை யாராவது "என் கண்ணால் பார்த்தேன்" என்று ஆரம்பித்தால், எப்போது பார்த்தார், எப்போது முதன்முதலாகச் சொன்னார் என்று இரண்டு கேள்வி மட்டும் கேட்டுப் பாருங்கள். எழும்பூர் டாக்டர் இருந்திருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பார்.